மதகைத் திறந்தவன்

"நீரேறும் நகரம்" நாவலைப் பிழைதிருத்தும் வேலை தாமரைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். அந்த நாவல் வெளிவந்து ஐம்பது ஆண்டு ஆகிறது என்பதால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவள் வேலை செய்த பதிப்பகம் அதற்குப் பொன்விழாப் பதிப்பு போட முடிவு செய்திருந்தது. முதலாளி முகுந்தன் அவள் மேசைமேல் மூன்று பழைய பதிப்புகளை வைத்தார்.

"பின்னாடி ஒரு பத்துப் பக்கம் எழுதிரு தாமரை. எப்ப வந்துச்சு, எதுல வந்துச்சு, எத்தனை பதிப்பு. அந்த ஹிஸ்டரி வேணும்லா. செப்டம்பர்ல ரிலீஸ்."

நாவலை எழுதியவர் வேலாயுதம். கிள்ளான் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். 1974இல் ஒரு வார இதழில் இருபத்திரண்டு வாரம் தொடராக வந்தது. நான்கு ஆண்டு கழித்து நூலானது. 1999இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிப் போட்டார்கள்.

கதை எழுதப்பட்ட காலத்திலிருந்து ஐம்பது ஆண்டு தள்ளி, கிள்ளானில் நடக்கிறது. கடல் ஏறிவிட்டது. மக்கள் கண்ணாடிக் கட்டடங்களில் அடுக்கடுக்காக வாழ்கிறார்கள். ஒரு மழைநாளில் இயந்திரக்கூடத்தைக் காப்பாற்ற, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் எழிலன் என்ற இளைஞன் வடக்கு மதகைத் திறக்கிறான். 'ஏழாம் அடுக்கு காலி' என்று அவன் திரை காட்டுகிறது. அது இயந்திரத்தின் பிழை. ஏழாம் அடுக்கில் இருந்த ஒன்பது பேர் மூழ்கிப்போகிறார்கள். தெரியாமல் செய்த அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு எழிலன் மீதி நாவல் முழுக்க அலைகிறான். படித்தவர்கள் எல்லாரும் அவனுக்காக அழுதிருக்கிறார்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் நின்ற படங்கள் வந்தபோது, யாரோ நாவலின் ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதோடு வேலாயுதம் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். 'அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர்' என்று முகுந்தன் அட்டைக்கு வாசகமும் எழுதிவிட்டார்.

தாமரை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்த் தொடரின் பைண்டு வால்யூமைக் கேட்டு வாங்கினாள். நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டாள். முதல் எட்டு அத்தியாயங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில், மதகு திறக்கும் இடத்தில், அவள் பென்சில் நின்றது. சுவர்களே தானாக ஒளிரும் அந்த நகரத்தில், எழிலன் மண்ணெண்ணெய் விளக்கை உயர்த்திப் பிடிக்கிறான். இரண்டு பத்தி தள்ளி 'ஏழாம் அடுக்கு' என்பதற்குப் பதில் 'ஏழாம் லயம்' என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைச் சொல்லும் சொல், அச்சாகியிருந்தது. அடுத்த பக்கத்தில் எழிலனை யாரோ 'கிராணி ஐயா' என்று கூப்பிடுகிறார்கள்.

அச்சுக்கோத்தவர் செய்த பிழையாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒரு கதையை அவசரமாக மாற்றி எழுதும்போது மூன்று இடம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. 1978 நூலில் மூன்றையும் திருத்திவிட்டார்கள்.

வேலாயுதத்தின் மனைவி சீதாலெட்சுமி உயிரோடு இருந்தார். எழுபத்தொன்பது வயது. கிள்ளானில் ஒரு மலிவு விலை பிளாட்டின் நான்காம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். மகன் சுபாங் ஜெயாவில் இருந்தார். தாமரை ஒரு சனிக்கிழமை காலையில் போய், தொடரின் நகலைக் காட்டி, "இந்த விளக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

"இதை இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கல," என்றார். "ரேடியோவுல போன மாசம் ஒருத்தன் பேசறான், என் வீட்டுக்காரரு எதிர்காலத்தைப் பாத்தாருன்னு. எனக்குச் சோறு எறங்கலம்மா. அவரு எதையும் முன்னாடி பாக்கல. நடந்ததைத்தான் எழுதுனாரு."

பிறகு அவர் சொன்னதைத் தாமரை கையால் எழுதிக்கொண்டாள்.

1971 ஜனவரி. மூன்று நாள் விடாத மழை. ஆறு கரைக்கு மேல் வரும்போல் இருந்தது. தோட்டத்து ஆண்கள் எல்லாரும் ஆலையைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வடக்கு மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் போய்விடும், ஆலை தப்பிக்கும். பள்ளத்தில்தான் ஏழாம் லயம் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு மானேஜர் துரை ஒரு துண்டுச்சீட்டில் 'திற' என்று எழுதி வேலாயுதத்திடம் கொடுத்து அனுப்பினார். வானம் கறுத்து, அந்த நேரத்திலேயே விளக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

மதகுக்காரன் பெயர் காத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கிராணி ஐயா, கீழ ஏழாம் லயத்துல ஆளுங்க இருக்காங்களே?" என்று கேட்டான்.

"எல்லாரையும் மேட்டுக்கு ஏத்தியாச்சு. தொற," என்றார் வேலாயுதம்.

"ஏத்தலம்மா," என்றார் சீதாலெட்சுமி. "ஒருத்தரையும் ஏத்தல. அரைமணிக்கு முன்னாடிதான் அந்த வழியா வந்திருக்காரு. பொம்பளைங்களும் புள்ளைங்களும் வாசல்ல நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். பாத்துட்டுத்தான் போனாரு. தெரிஞ்சுதான் சொன்னாரு. மூணு வருஷமா அந்த வேலைக்குக் காத்திருந்தவரு. தொரைகிட்ட திரும்பிப் போயி, தொறக்கலன்னு சொல்ல முடியல. அன்னைக்குச் சாயந்திரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒம்பது பேரு. எல்லாம் பொம்பளைங்க, புள்ளைங்க."

வெள்ளத்தில் இறந்தார்கள் என்று எழுதி முடித்தார்கள். மதகு திறக்கப்பட்டது தோட்டத்துக்கே தெரியும். ஆனால் திறந்தவன் காத்தான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சீட்டு கொண்டுபோனவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து வேலாயுதம் எல்லாவற்றையும் எழுதினார். தோட்டம், லயம், சீட்டு, தான் சொன்ன பொய், ஒன்பது பெயர்கள். அதை வார இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. காப்பிய வச்சுட்டு கதவோரம் நின்னேன். 'தோட்டத்தைப் போட்டா கேஸ் போடுவாங்க, அம்பது வருஷம் தள்ளிப் போட்டுருங்க, எவன் கேக்கப்போறான்'னாரு. சரின்னாரு இவரு. அப்பறம் அந்த ஆசிரியரு, 'தெரிஞ்சே செஞ்சான்னு எழுதுனா படிக்கிறவனுக்கு அவனப் புடிக்காது, அடுத்த வாரம் வாங்கமாட்டான், மெஷின் தப்புன்னு மாத்துங்க'ன்னாரு. அதுக்கும் சரின்னுட்டாரு. முதல் சரியை நான் மன்னிச்சேன்."

முன்னுரைகளில் வேலாயுதம் 1983இல் மாரடைப்பால் காலமானார் என்று இருக்கிறது. "மாரடைப்பு இல்ல. புல்லுக்கு அடிக்கிற மருந்து," என்று மட்டும் சொல்லிவிட்டு சீதாலெட்சுமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் முதல் கையெழுத்துப்படி.

"இதைப் போடுங்க. நான் போறதுக்குள்ள போட்டுடுங்க."

பதிப்பகத்தில் பேசிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தாமரை டின்னை அங்கேயே விட்டுவந்தாள். திங்கட்கிழமை முகுந்தனிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான், கேட்டு முடிக்கும்போது முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "மகனுக்குத் தெரியுமா?" என்பதுதான். பதிப்புரிமை அம்மா, மகன் இருவர் பேரிலும் இருந்தது.

ராதாகிருஷ்ணன் மறுநாளே பதிப்பகத்துக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மிஸ், எனக்கு அப்போ பதினாலு வயசு. காலையில எழுந்து பாத்தது நான்தான். எனக்கு அவரு விட்டுட்டுப் போனது இந்த ஒரு புஸ்தகம்தான். அவரு பேர்ல ஸ்கூல்ல பரிசு கொடுக்கறாங்க. என் மக போன வருஷம் மேடையில ஏறி அதைக் கொடுத்தா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்? தாத்தா ஒம்பது பேரைக் கொன்னாருன்னா?"

"அம்மா கேக்கறாங்க சார்."

"அம்மாவுக்கு வயசாயிருச்சு. பழைய புஸ்தகம் அப்படியே வரட்டும். ஒரு வரி மாறினாலும் லாயர்கிட்டதான் பேசுவேன். சாரி."

அவர் போனபின் முகுந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டே, "விட்டுரு தாமரை. பழைய டெக்ஸ்ட்தான்," என்றார்.

தாமரை சீதாலெட்சுமியிடம் போய் அதைச் சொன்னாள். கிழவி அழவில்லை. "அப்ப தப்பிச்ச புள்ளைகிட்ட நேரா சொல்லிடறேன்," என்றார். ஏழாம் லயத்தில் அன்று தப்பியது ஒரே ஒரு பிள்ளை, பத்து வயது அய்யாவு. கூரையின் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனை மறுநாள் காலையில்தான் இறக்கினார்கள். அம்மாவும் இரண்டு தங்கைகளும் போய்விட்டார்கள். பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விசாரித்து தாமரை அவரைக் கண்டுபிடித்தாள். லோரி ஓட்டி ஓய்வு பெற்று, செமினியில் மகள் மலர் வீட்டில் இருந்தார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமரை சீதாலெட்சுமியைக் காரில் அழைத்துக்கொண்டு போனாள்.

அய்யாவு கதவருகிலேயே நின்று வரவேற்றார். உயரமான மனிதர், ஒரு காது கேட்காது. கூடத்து அலமாரியில் 1978 பதிப்பு இருந்தது. நாவலாசிரியரின் மனைவி வருகிறார் என்று அதை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்.

"பதினேழு வயசுல படிச்சேன் அம்மா. உத்தரத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு பையன் தொங்கறான்ல, அது நான்தான்னு அப்பவே தெரிஞ்சுது. யாரோ எங்களைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு எத்தனை தடவ படிச்சேன் தெரியுமா? எழிலன் தெரியாமதான செஞ்சான். சரி, அது யாரோட தப்பும் இல்ல, தலையெழுத்துன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இல்லன்னா நான் இருந்திருக்கமாட்டேன்."

தாமரை சீதாலெட்சுமியைப் பார்த்தாள். இப்போதுகூட எழுந்து போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கிழவி நாற்காலியின் நுனிக்கு வந்து, அவருடைய கேட்கும் காதுப்பக்கம் குனிந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சீட்டு, விளக்கு, காத்தான் கேட்ட கேள்வி, வேலாயுதம் சொன்ன பதில்.

மலர் கொண்டுவந்த தேநீர்த் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அய்யாவு அலமாரியிலிருந்த நாவலைத் திரும்பிப் பார்த்தார். பேசியபோது அவர் வேலாயுதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"காத்தான் கேட்டானா?"

"கேட்டான்."

"ஆளு இருக்குன்னு சொன்னானா?"

"சொன்னான்பா."

"நான் அவன் வீட்டு மேல கல்லெறிஞ்சேன்," என்றார் அய்யாவு. "தெனமும். ஸ்கூல் விட்டு வர்றப்ப. ஒரு தடவ அவன் சம்சாரத்து நெத்தியில பட்டுச்சு. ஒருத்தரும் என்னைத் தடுக்கல. அந்த வீட்டுக்குக் கல்யாணம், சாவு சொல்ல யாரும் போகல. கடையில அவனுக்குச் சாமான் கொடுக்கல. நாவல் படிச்சப்பறம் ஒரு தடவ நெனச்சேன், போய்ப் பாக்கணும்னு. போகல. அவன் தொண்ணூறாம் வருஷம் செத்துட்டான்."

அவர் எழுந்து நாவலை அலமாரியிலிருந்து எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று தாமரை நினைத்தாள். அவர் அதைச் சீதாலெட்சுமியின் மடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே இது எனக்கு வேணாம்."

திரும்பும் வழியில், காஜாங் தாண்டியபின், சீதாலெட்சுமி கேட்டார்: "நான் செஞ்சது சரியாம்மா?" தெரியவில்லை என்று தாமரை சொன்னாள். "எனக்கும் தெரியல," என்றார் அவர். "ஆனா இன்னைக்குத் தூக்கம் வரும்னு நெனைக்கிறேன். அதுவும் பாவந்தான்."

ஜூன் மாதத்தில் பக்கவாதம் வந்து, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து அவர் இறந்துபோனார். காரியம் முடிந்த வாரம் ராதாகிருஷ்ணன் பிளாட்டைக் காலி செய்தார். பிஸ்கட் டின்னைப் பற்றித் தாமரை தொலைபேசியில் கேட்டபோது, "அது எங்க குடும்ப விஷயம்," என்று வைத்துவிட்டார். கையெழுத்துப்படி இருக்கிறதா எரிந்ததா என்று இன்றுவரை தெரியாது. நாகரிகம் கருதி அவள் ஒரு பக்கத்தைக்கூடப் படம் எடுத்திருக்கவில்லை. அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

பின்னிணைப்பை அவள் எழுதிக் கொடுத்தாள். வார இதழ், ஆண்டு, பதிப்புகள், பள்ளிச் சுருக்கம். ஒன்பதாம் அத்தியாயத்து மூன்று சொற்களைப் பற்றி ஒரு பத்தி மட்டும் சேர்த்தாள்: மண்ணெண்ணெய் விளக்கு, ஏழாம் லயம், கிராணி ஐயா. விளக்கம் எதுவும் எழுதவில்லை. முகுந்தன் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார். அன்றே அவள் வேலையை விட்டாள். முகுந்தன் அவளைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "உன் எடத்துல நானா இருந்தாலும் போயிருப்பேன்," என்றார். செப்டம்பரில் பொன்விழாப் பதிப்பு வெளியானது. மண்டபம் நிறைந்திருந்தது என்று கேள்விப்பட்டாள்.

அய்யாவு அழைத்தது அதற்கு அடுத்த வாரம்.

"மிஸ், அந்தப் புஸ்தகம் அவங்களோடது. அவங்க போட்டுக்கட்டும். நான் பாத்ததை நான் சொன்னா யாரும் கேஸ் போட முடியாதுல்ல?"

"முடியாது அங்கிள்."

"அப்ப வாங்க. எழுதிக்கோங்க. எனக்கு எழுத வராது."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் சொன்னார். கதையாகச் சொல்லத் தெரியாமல், பொருள் பொருளாகச் சொன்னார். தண்ணீர் வந்தபோது அடுப்பில் என்ன இருந்தது. அம்மா எந்தப் பிள்ளையை முதலில் தூக்கினாள். தங்கையின் கை எந்த நேரத்தில் நழுவியது. சீட்டைக் கொண்டுவந்தது யார், கேட்டது யார், பதில் சொன்னது யார் என்பதை, சீதாலெட்சுமி தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். ஒன்பது பெயர்களையும் சொன்னார். பதினாறு பக்கம் வந்தது. பங்சாரில் ஒரு நகலகத்தில் நூறு பிரதி எடுத்து நடுவில் ஸ்டேப்ளர் ஊசி அடித்தார்கள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு மலர் அஞ்சலில் அனுப்பினாள். இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். பலர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அய்யாவு அஞ்சலில் சேர்க்கவில்லை. காத்தானின் மகள் வள்ளியம்மா கிள்ளானில் பூக்கடை வைத்திருந்தாள். நேரில் கொடுக்கவேண்டும் என்று அவர் தாமரையைத் துணைக்குக் கூப்பிட்டார்.

காலை பதினொரு மணி. கடையில் கூட்டம் இல்லை. அறுபது வயதிருக்கும் வள்ளியம்மா மல்லிகையைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அய்யாவு தன் பெயரைச் சொன்னதும் அவள் விரல்கள் நின்றன.

"கல்லு எறிஞ்ச அய்யாவா?"

"ஆமா."

அவர் புத்தகத்தை நீட்டினார். நின்றபடியே, தடுமாறித் தடுமாறி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார். உன் அப்பா கேட்டார், ஆள் இருக்கிறது என்று சொன்னார், கிராணிதான் பொய் சொன்னார், எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

வள்ளியம்மா அழவில்லை.

"தெரியாமப் போச்சா?" என்றாள். "எங்கப்பா சொல்லாத நாளு இல்ல. 'நான் கேட்டேன், ஆளு இருக்குன்னு கேட்டேன்'னு கோயில்ல நின்னு சொன்னாரு, கடையில சொன்னாரு, சாகற அன்னைக்கும் சொன்னாரு. எவனாச்சும் கேட்டீங்களா? கிராணி வீட்டுச் சம்சாரம் சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் காது கேக்குது."

புத்தகத்தை நீட்டிய கையை அய்யாவு இறக்கவில்லை.

ஒரு பெண் வந்து இரண்டு முழம் கேட்டாள். வள்ளியம்மா அளந்து, அறுத்து, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் போனபின் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அவள் பதினாறு பக்கமும் படித்து முடிக்கும்வரை இருவரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.